ஆறு ஃபிரேம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பகலில் வேறு வேலை. குழந்தை தூங்கிய பிறகு இரவில் தனியாக ஒரு 2டி பிளாட்ஃபார்மர், அதாவது மேடைக்கு மேடை குதித்துப் போகும் கேம், செய்துகொண்டிருக்கிறேன். கேம் செய்ய உதவும் மென்பொருள், அதாவது எஞ்சின், கோடோ 4. எனக்குப் படம் வரையத் தெரியும், கோடிங் சுமார்தான். அதனால் எல்லாவற்றையும் ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு வாங்குகிறேன். மெனு, சேவ், எதிரிகள் எல்லாம் வந்துவிட்டன. குதிப்பது மட்டும் அமையவில்லை. "ஜம்ப் நன்றாக இல்லை, சரிசெய்" என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் கிராவிட்டியை மாற்றித் தருகிறது. ஓடும் வேகம் 18,000 என்று இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை, ஆனால் ஓடுகிறது. இப்படிச் செய்த கேமை என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாமா? கேம் விற்கும் தளமான ஸ்டீமில் ஏஐ பயன்படுத்தியதைத் தெரிவிக்க வேண்டுமா? எந்த சாட்பாட் நல்லது?

கே.

அன்புள்ள கே.,

பகல் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரி கேம் செய்ய உட்காருகிறவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. விட்டுவிடாதீர்கள். எந்த சாட்பாட் என்பது முக்கியமே இல்லை. "என்னுடையதா" என்ற கவலையும் இப்போது வேண்டாம். மெனுவையும் சேவ் ஃபைலையும் யார் எழுதினால் என்ன?

ஆனால் அந்த 18,000. படித்ததும் கோபம் வந்தது தம்பி. ஏன் என்று தெரியாமல் எப்படி விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனீர்கள்? கோடோ 4இல் பொம்மையை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடு ஃபங்ஷன் டெல்டாவை, அதாவது ஒரு ஃபிரேமுக்கு (திரையில் மாறும் ஒரு படத்துக்கு) ஆகும் நேரத்தை, தானே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சாட்பாட் வேகத்தை மறுபடியும் டெல்டாவால் பெருக்கியிருக்கும். மெதுவாகப் போகிறது என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், எண்ணை ஏற்றிக் கொடுத்திருக்கும். வினாடிக்கு 60 ஃபிரேம் என்பதால் 18,000ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு 300 பிக்சல், அதுதான் உங்கள் உண்மையான வேகம். நாளைக்கு பிசிக்ஸ் டிக்கை, அதாவது வினாடிக்கு எத்தனை முறை அசைவைக் கணக்கிடுவது என்ற எண்ணை, 60இலிருந்து 120 ஆக்கினால் ஓட்டம் பாதியாகிவிடும். அப்போதும் போய் "மெதுவாக இருக்கிறது" என்பீர்களா? கோடோ 3, 4 இரண்டையும் கலந்து கொடுப்பதும் இவற்றிடம் உண்டு. கைனமேட்டிக்பாடி2டி என்று, பொம்மையை இயக்கும் பகுதிக்கு இருந்த பழைய பெயர், எங்காவது கண்ணில் பட்டால் அது 2023இல் கோடோ 4 வருவதற்கு முந்தைய பழக்கம், தூக்கிப் போடுங்கள்.

சரி, குதிப்பு. கொஞ்ச நாளாகவே என் மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

2018இல் வந்த செலஸ்ட் கேமில் கதாநாயகியை இயக்கும் கோடிங்கை அதைச் செய்தவர்களே பொதுவில் வைத்தார்கள். ஒரே ஃபைலில் 5,000 வரிக்கு மேல். இப்படியா எழுதுவது என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஃபைல். அதில் ஜம்ப் கிரேஸ் டைம் என்று ஓர் எண், 0.1. கால் விளிம்பைத் தாண்டிக் காற்றில் போன பிறகும் 0.1 வினாடிக்குள் பட்டனை அமுக்கினால் குதிக்க விடுகிறது. வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் இது 6 ஃபிரேம். கயோட்டி டைம் என்பார்கள். மேலே போகும்போது தலை ஒரு மூலையில் இடித்தால் சில பிக்சல் ஒதுக்கி மேலே அனுப்புகிறது. உச்சியில் பட்டனைப் பிடித்திருந்தால் கிராவிட்டி பாதியாகிறது. விளையாடுகிறவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. தன் கை நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொள்வார்.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் டிவியில் மாட்டும் வீடியோ கேம் இருந்தது, மஞ்சள் கேசட் போடுவது. மத்தியான வேலை முடிந்ததும் அம்மாவும் வந்து உட்காருவாள். பொம்மை குதிக்கும்போது கன்ட்ரோலரையே மேலே தூக்குவாள். ஆனாலும் குழிதான். "நான் அமுக்கினேன்டி, அதுதான் கேக்கல" என்பாள். அவள் அமுக்கியது உண்மை. கண் இமைக்கும் நேரம் பிந்தி அமுக்கினாள், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் "எனக்கெல்லாம் இது வராது" என்று எழுந்து போய்விட்டாள், பிறகு தொடவே இல்லை. அவளுக்கு வராமல் இல்லை. அவளை மாதிரி ஒருத்தி விளையாடுவாள் என்று அதைச் செய்தவர் யாரும் நினைக்கவில்லை.

"கயோட்டி டைம் 0.1 வினாடி வை" என்று சொல்லுங்கள், சாட்பாட் உடனே எழுதித் தரும், பெரும்பாலும் சரியாகவே. அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் உங்கள் கேமுக்கு 0.1 போதுமா, 0.15 வேண்டுமா என்பது அதற்குத் தெரியாது. விளையாடுகிறவர் பக்கத்தில் அது உட்கார்ந்ததில்லை. நீங்கள் உட்காரலாம், ஆனால் உட்காரவில்லை. கடிதத்தைத் திரும்பப் படித்தேன், யாராவது இந்தக் கேமை விளையாடினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. "நன்றாக இல்லை" என்றால் என்ன அர்த்தம்? விளிம்பில் விழுகிறார்களா? தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அமுக்கினால் கேட்கவில்லையா? மேலே போனது இறங்க நேரமாகிறதா? மூன்றுக்கும் வேறு வேறு மருந்து. வரைந்த முகம் சரியில்லை என்றால் கண்ணா, மூக்கா, தாடையா என்று பார்ப்பீர்கள் இல்லையா? அந்தக் கண்ணை இங்கே ஏன் மூடிக்கொண்டீர்கள்?

ஸ்டீம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024 ஜனவரியிலிருந்து கேமைச் சமர்ப்பிக்கும் படிவத்திலேயே ஏஐ பற்றிக் கேட்கிறார்கள். கேட்டதற்கு உள்ளதை எழுதுங்கள்.

அதற்கு முன்னால் அந்த டெல்டா பெருக்கலை எடுத்துவிட்டு வேகத்தை 300 ஆக்குங்கள். கேமே விளையாடாத இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து, வாயைத் திறக்காமல் அவர்கள் கையைப் பாருங்கள். எங்கே விழுந்தார்கள் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். விளையாடக்கூடிய பில்டையும் அனுப்புங்கள், நானும் விளையாடுகிறேன்.