"மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலைதானே?" – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டி.பார்ம் முடித்துவிட்டு செங்கோட்டையில் ஒரு மெடிக்கல் கடையில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டேதான். ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து மலையாளிகள் நிறைய வருவார்கள், கார்த்திகை பிறந்தால் சாமிமார் கூட்டம் வேறு. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் "மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலைதானே, இதுக்கா படிச்சே?" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்துவிட்டது. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, செங்கோட்டை

பதில்: உங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரிவது அலமாரிக்குப் போய் வருகிற கை மட்டும். கை போவதற்கு முன்னால் வாய் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறதே, நீங்கள் படித்த படிப்பு அதற்குத்தான்.

உங்கள் ஊர் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை மலையாள நாட்டோடு இருந்த ஊர். பழைய ஆட்களுக்கு அந்தப் பேச்சு தண்ணி பட்ட பாடு, இப்போது நிற்கிற பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஒரு சேச்சி வந்து "குட்டிக்குப் பனியா" என்றால், பனியில் நனைந்த பிள்ளை என்று நினைத்துச் சளி மருந்தைக் கொடுத்துவிடலாம், ஆனால் அங்கே பனி என்றால் காய்ச்சல். சரி, காய்ச்சல் என்று புரிந்துவிட்டது, அதோடு முடிந்ததா? பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் ஒன்று, 250 ஒன்று, கைக்குழந்தைக்கான டிராப்ஸில் 1 மில்லியிலேயே 100. டிராப்ஸை சிரப் மாதிரி ஸ்பூன் கணக்கில் ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், அந்தத் தாய்க்குத் தெரியாது. "எத்தனை வயசு, எடை எவ்வளவு" என்று கேட்டு, அளவு மூடியில் இருக்கிற கோட்டை நகத்தால் தொட்டு "இதுவரைக்கும்தான்" என்று காட்டுகிறீர்கள் பாருங்கள், அந்த அரை நிமிஷத்தை வேறு யாரும் அவருக்குத் தரப்போவதில்லை.

என் அம்மாவைப் பல வருஷம் முன்பு புனலூருக்குக் கூட்டிப்போனேன். மலைப்பாதை வளைவில் வாந்தி வாந்தியாக எடுத்து, இறங்கும்போது நிற்கவே முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டேன். கடைக்காரர் பாக்கெட்டைக் கையில் தரவில்லை. "ஒரு லிட்டர் வெள்ளம் உண்டோ?" என்று கேட்டு, இல்லை என்றதும் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவரே முழுப் பாக்கெட்டையும் அதில் கொட்டிக் குலுக்கி, அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, மூடி மூடியாகக் கொடுக்கச் சொன்னார். டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிவிடும், நாளைக்கு மிச்சம் இருந்தால் கொட்டிவிடணும் என்று பாதித் தமிழில் சொன்னார். தண்ணீருக்கும் சேர்த்து என்ன பெரிய தொகை வந்திருக்கும்? அம்மா சாகும்வரை புனலூர் என்ற பேச்சு வந்தால் அந்த மனுஷரைத்தான் முதலில் சொல்வாள். அவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

அப்புறம், அட்டை வெட்டுவது. பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால், காலாவதித் தேதி அச்சடித்த முனையை விட்டுவிட்டு மறுமுனையிலிருந்து வெட்டி, கொண்டுபோகிறவரின் கவரில் அந்தத் தேதியைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள். இதைச் செய்கிறவர்களை நான் ரொம்பக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். மலைக்குப் போகிற சாமி இன்சுலின் வாங்கினால், பையில் எங்கே வைத்துக்கொண்டு போகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், சூடு பட்டால் கெட்டுப்போகிற மருந்து அது.

நிற்கிற விஷயத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளத்தில் 2018-இலும் நம் பக்கத்தில் 2021-இலும் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். முதலாளியிடம் ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. கால் கடுத்துப் போனவருக்கு அடுத்த ஆளிடம் வயசு கேட்கப் பொறுமை இருக்காது. நாளைக்கே கேளுங்கள். சொந்தக்காரர்களிடம் வாதாட வேண்டாம், அடுத்த தடவை அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வரும்போது நிதானமாக எடை கேட்டு அளவு சொல்லுங்கள்.

கேள்வி: குமுளியில் ஏலக்காய்க் கடையில் நிற்கிறேன், சொந்த ஊர் கம்பம். டூரிஸ்ட்காரர்கள் "ஏமாத்துவீங்க" என்ற முகத்தோடுதான் உள்ளேயே வருகிறார்கள். எப்படிப் பேசுவது?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: பேச்சைக் குறையுங்கள் தம்பி. சாக்கிலிருந்து அவர்களையே ஒரு காய் எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் பொறுக்கிக் கொடுக்காதீர்கள். அதைப் பிளந்து அவர்கள் உள்ளங்கையில் வையுங்கள். அரிசி கறுப்பாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் நல்ல காய், பழுப்பேறி உலர்ந்திருந்தால் பழசு. 8 மில்லிமீட்டர் காய் விலை கூடுதல், பாயசத்துக்குப் பொடிக்கிறவருக்கு அது தேவையில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பொட்டலம் கட்டும்போது வெளிச்சம் படாத டப்பாவில் போட்டுவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பச்சை வெளுத்துவிடும், ஊருக்குப் போனபிறகு உங்களைத்தான் திட்டுவார்கள்.