விரல் மூட்டை முழுவதும் சிலிக்கோனில் வார்க்கலாமா?

தொழிற்கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகக் காற்றழுத்தத்தில் மடங்கும் ரோபோ விரலைச் செய்யும் மாணவர் ஒருவர், முழுவதையும் சிலிக்கோனிலேயே வார்த்துவிடலாமா, கடினமான பாகங்களையும் சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். சேர்க்க வேண்டும் என்பதே என் பதில்.

காற்று எல்லாப் பக்கமும் ஒரே அளவில்தான் தள்ளும். வெறும் சிலிக்கோன் விரல், மடங்க வேண்டிய நேரத்தில் பக்கவாட்டில் உப்பும். பக்கத்திலிருந்து சுமை வந்தால் முறுக்கிக்கொள்ளும். நடுவில் ஒரு கீலை வைத்தால், எந்தப் பாதையில் திரும்புவது என்பதைக் கீல் தீர்மானிக்கும்; உந்துவது மட்டுமே துருத்தியின், அதாவது காற்று நிரம்பி விரியும் சிலிக்கோன் பையின், வேலையாகிவிடும். 4 சதுர செ.மீ. பரப்புள்ள துருத்திக்கு 100 கிலோபாஸ்கல் அழுத்தம் கொடுத்தால் 40 நியூட்டன் விசை கிடைக்கும். அது கீலிலிருந்து 15 மி.மீ. தள்ளிச் செயல்பட்டால் 0.6 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, 80 மி.மீ. நீள விரலின் நுனியில் அது ஏறத்தாழ முக்கால் கிலோ எடையைத் தாங்கும். துருத்தியின் சுவரை விரிக்கவே இதில் ஒரு பங்கு செலவாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மென்மையானவை என்று நாம் சொல்லும் கருவிகளிலும் ஒரு விறைப்பான பாகம் ஒளிந்திருக்கிறது. 1950களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் மெக்கிபன் செய்த, காற்றழுத்தத்தில் இயங்கும் செயற்கைத் தசையில், ரப்பர்க் குழாயைச் சுற்றியுள்ள நீளாத இழைவலைதான் குழாய் உப்புவதை அதன் நீளம் சுருங்குவதாக மாற்றுகிறது. இழைகள் குழாயின் அச்சோடு 54.7 பாகைக் கோணத்தை எட்டியதும் சுருக்கம் நின்றுவிடும். பக்கவாத நோயாளிகளின் கைப்பயிற்சிக்காகச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான ஈசோகிளவ் கையுறையில், நோயாளியின் விரல் எலும்புகளே அந்தக் கடினமான பாகம். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கும் நண்டின் காலை மூட்டில் மெல்ல மடக்கிப் பாருங்கள்: இருபுறமும் ஒரு ஓடு மற்றொரு ஓட்டில் பொருந்தும் இரண்டு சிறு முளைகள், இடையில் மெல்லிய சவ்வு. அந்த மூட்டு ஒரே தளத்தில்தான் அசையும்.

உண்மையான சிரமம் மென்மையும் கடினமும் சந்திக்கும் விளிம்பில் இருக்கிறது. என் முதல் மூட்டில், முப்பரிமாண அச்சில் எடுத்த பாகத்தின்மேல் சிலிக்கோனைப் பசையால் ஒட்டினேன். மூன்றாம் நாள் விளிம்பில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு தெரிந்தது. சோப்பு நீரைத் தடவியதும் அங்கே காற்று கசிந்து நுரை கொப்பளித்தது. இறுகிய சிலிக்கோனில் பெரும்பாலான பசைகள் பிடிப்பதில்லை. அதனால் கடினத் தகட்டில் 2 மி.மீ. துளைகளை வரிசையாக இட்டு, சிலிக்கோன் அவற்றின் வழியே மறுபுறம் பாய்ந்து ஒன்றுசேரும்படி வார்க்கத் தொடங்கினேன். துருத்தி உரசும் விளிம்புகளை உருட்டிவிட்டு, மேலே ஒரு தகட்டை வைத்துத் திருகால் இறுக்கவும் செய்தேன். கூர்மையான விளிம்பில்தான் கிழிசல் தொடங்குகிறது.

பிளாட்டினத்தால் இறுகும் சிலிக்கோனைக் கலக்கும்போது லேடெக்ஸ் கையுறை அணியாதீர்கள். அதிலுள்ள கந்தகம் பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும். வினைல் கையுறை போதும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் கம்பிரசர் தொட்டியில் நீர் வேகமாகச் சேரும். நாள்தோறும் அதை வடித்துவிடாவிட்டால் அது வால்வு வரை வந்துவிடும்.

முழு விரலையும் வார்ப்பதற்கு முன், விளிம்புப் பகுதியை மட்டும் ஒரு சிறு துண்டாகச் செய்து, நீருக்குள் மூழ்கவைத்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துப் பலமுறை உப்பவைத்துச் சோதியுங்கள். குமிழி வந்தால், எந்தத் துளைக்கருகில் வந்தது என்று குறித்துவைத்துக்கொண்டு அந்த இடத்தை மாற்றி வரையுங்கள்.