எச்4 பல்பு உள்ள பழைய ஸ்விஃப்ட்டில் செனான் ஹெட்லைட் போடலாமா? எப்படிப் போடுவது?

கேள்வியின் சுருக்கம்: எச்4 ஹாலோஜன் பல்பு போடும் பழைய மாருதி ஸ்விஃப்ட். இரவில் ஹைவேயில் வெளிச்சம் போதவில்லை. செனான் எச்ஐடி கிட் மாட்டினால் மூன்று மடங்கு வெளிச்சம் வரும் என்று ஆக்சசரீஸ் கடையில் சொல்கிறார்கள். போடலாமா, எப்படிப் போடுவது?

பல்பை மட்டும் மாற்றும் கிட் வேண்டாம். செனான்தான் வேண்டும் என்றால் ப்ரொஜெக்டரோடு (வெளிச்சத்தைத் தகட்டால் வெட்டி, லென்ஸ் வழியாக அடக்கி அனுப்பும் கூடு) சேர்த்துப் போடுங்கள். அதற்கும் முன்னால், இப்போது இருக்கும் ஹாலோஜனுக்கு முழு வோல்டேஜ் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்று மடங்கு என்ற கணக்கு பொய் இல்லை. எச்4 பல்பின் லோ பீம் 13.2 வோல்ட்டில் சுமார் 1000 லூமன் (வெளிச்சத்தின் அளவு), ஹை பீம் சுமார் 1650 லூமன். கம்பெனியிலிருந்தே செனானோடு வரும் கார்களில் இருக்கும் டி2எஸ் பல்பு 35 வாட்டில் 3200 லூமன் தரும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் பல்பிலிருந்து கிளம்பும் வெளிச்சத்துக்குத்தான். அது ரோட்டில் எங்கே போய் விழும் என்பதை முடிவு செய்வது ரிஃப்ளெக்டர்.

ஒரு எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு ஃபிலமென்ட் இருக்கும். லோ பீம் ஃபிலமென்ட்டுக்கு அடியில் கிண்ணம் மாதிரி சின்னத் தகடு ஒன்று தெரியும். அந்தத் தகடு கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறைத்துவிடும். ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும் வேலை செய்யும். அதனால்தான் பீம் கீழே அடங்கி நிற்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு மடிப்பும் அந்த ஃபிலமென்ட் இருக்கும் இடத்தைக் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலே பீம் கலைந்துவிடும்.

செனான் பல்பில் ஃபிலமென்ட் கிடையாது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே சுமார் 4 மில்லிமீட்டர் தூரத்தில் வில் போல லேசாக மேலே வளைந்து எரியும் ஆர்க்தான் வெளிச்சம். எச்4 கிட்டில் ஒரு சோலினாய்டு (கரன்ட் வந்தால் இழுக்கும் சின்னக் காந்தச் சுருள்) அந்தப் பல்பையே முன்னும் பின்னும் இழுத்து லோ, ஹை என்று மாற்றும். தகடும் ஒப்புக்கு ஒன்று இருக்கும். ஆர்க்கின் தடிமன், வளைவு, நிற்கும் இடம் எதுவுமே ரிஃப்ளெக்டரின் கணக்கோடு ஒத்துப்போகாது. மூன்று மடங்கு வெளிச்சம் கட்டுப்பாடு இல்லாமல் சிதறி, எதிரே பைக்கில் வருபவர் கண்ணில் அடிக்கும். அவருக்கு ரோட்டோரத்தில் நடப்பவரும் தெரியாது, பள்ளமும் தெரியாது. லோ பீமில்தானே போகிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்களுக்கும் லாபம் இல்லை. சிதறிய வெளிச்சத்தில் பெரும்பங்கு பம்பருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் விழும். பளிச்சென்று இருப்பதால் நன்றாகத் தெரிகிற மாதிரி தோன்றும். அந்தப் பளபளப்பில் கண்ணின் பாவை சுருங்கி, 60, 70 மீட்டரில் நிற்கும் மாடோ லைட் இல்லாத டிராக்டரோ முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். மழை பெய்தால் இன்னும் மோசம்.

சட்டமும் இதற்கு எதிராகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 8 மீட்டர் தூரத்தில் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருப்பவருக்குக் கூசாத அளவுக்கு முன்விளக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும். ப்ரொஜெக்டர் போட்டாலும் இதே சட்டம்தான். சோதனையிலோ இன்சூரன்ஸ் கிளெய்மிலோ கேள்வி வரலாம் என்று தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

முதலில் வோல்டேஜ். இன்ஜினை ஓடவிட்டு லோ பீமைப் போடுங்கள். மல்டிமீட்டரால் பேட்டரியில் ஒரு முறையும், பல்பு ஹோல்டரின் பின்பக்கம் பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு முறையும் அளந்து பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் லோடு இருக்காது, அளவு தப்பாக வரும். இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரிங்கில் வெளிச்சம் வீணாகிறது என்று அர்த்தம். ஹாலோஜனில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும், 13.2 கிடைக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட் கிடைத்தால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் எடுக்கும் ரிலே ஹார்னஸ் (கரன்ட்டால் இயங்கும் ஸ்விட்சோடு வரும் ஒயர் செட்) ஒன்று, நல்ல 60/55 வாட் பல்பு ஒரு ஜோடி, மஞ்சளாகிப்போன லென்ஸுக்கு 1000, 2000, 3000 எமரித்தாள் வரிசையில் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டு மேலே யூவி கோட்டிங். இவ்வளவும் செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகும் போதவில்லை என்றால் செனானை யோசிக்கலாம். 100/90 வாட் பல்பு பக்கம் போகவே போகாதீர்கள். ஹோல்டர் உருகும், எதிரே வருபவர் கண்ணும் கூடுதலாகக் கூசும்.

இனி ப்ரொஜெக்டர். வாங்க வேண்டியது டி2எஸ் பல்பு பொருந்தும் சின்ன பை-செனான் ப்ரொஜெக்டர் ஒரு ஜோடி. பை-செனான் என்றால் ஒரே பல்பில் லோ, ஹை இரண்டும் கிடைக்கும். உள்ளே இருக்கும் தகட்டை ஒரு சோலினாய்டு இறக்கியதும் ஹை பீம் வந்துவிடும். பின்பக்கம் மரை போட்ட குழாய் இருக்கும் வகை எச்4 ஓட்டை வழியாகவே நுழையும், ரிஃப்ளெக்டரை வெட்ட வேண்டியதில்லை. கூடவே 35 வாட் ஏசி பேலஸ்ட் (செனான் பல்புக்கு வேண்டிய வோல்டேஜைத் தரும் பெட்டி) இரண்டு, டி2எஸ் பல்பு இரண்டு, ரிலே ஹார்னஸ், லென்ஸைத் திரும்ப ஒட்ட பியூட்டைல் சீலன்ட் கயிறு.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். அதனால் லோ பீமின் வெட்டுக்கோடு (மேலே இருட்டும் கீழே வெளிச்சமும் பிரியும் கோடு) வலப்பக்கம் சமமாக இருந்து, இடப்பக்கம் மேலே ஏற வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய வண்டிகளுக்கான ப்ரொஜெக்டரில் இது தலைகீழ். ஏறும் பக்கம் நேராக எதிரே வருபவர் முகத்துக்குப் போகும். சென்னை ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கினாலும், புதுப்பேட்டையில் பழையது எடுத்தாலும், கடையிலேயே எரியவிட்டுச் சுவரில் கோட்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ப்ரொஜெக்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திருப்பினால் சமமாக இருக்க வேண்டிய பக்கமும் சாய்ந்துவிடும்.

பல்பு நிறம் 4300 கெல்வின் போதும். எண் ஏற ஏற வெளிச்சம் கூடும் என்பது தவறான எண்ணம். 6000-லேயே குறைய ஆரம்பித்து, 8000, 10000 என்று போனால் நீலம்தான் மிஞ்சும், ஈர ரோட்டில் ஒன்றும் தெரியாது. 55 வாட் பேலஸ்ட்டும் வேண்டாம். சின்ன ப்ரொஜெக்டரின் உள்பூச்சு சூட்டில் கருகிவிடும், பல்பின் ஆயுளும் குறையும். விலை குறைந்த டிசி பேலஸ்ட்டில் வெளிச்சம் துடிக்கும். பல்பின் பெயரில் உள்ள எழுத்துகளிலும் கவனம் வேண்டும்: எஸ் என்று முடிந்தால் ப்ரொஜெக்டருக்கு, ஆர் என்று முடிந்தால் ரிஃப்ளெக்டருக்கு. டி1, டி2 பல்புகள் 85 வோல்ட்டில் ஓடுபவை, பாதரசம் இல்லாத டி3, டி4 பல்புகள் 42 வோல்ட். ஒன்றின் பேலஸ்ட்டில் மற்றது ஓடாது.

ஹெட்லைட்டைக் கழற்ற பம்பரை இறக்க வேண்டியிருக்கும். பல்பு, ரப்பர் மூடி, லெவலிங் மோட்டார் (பீமை ஏற்றி இறக்குவது), வெளியே தெரியும் ஸ்க்ரூ, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்க்ரூ மறந்தாலும் திறக்கும்போது ஹவுசிங் உடையும். லென்ஸை ஒட்டியிருப்பது பியூட்டைல் பசை என்றால் 110 டிகிரி அவனில் பத்து நிமிடம் போல வைத்தால் இளகும். இரும்புக் கம்பிமேல் நேரடியாக வைக்காமல் மரப்பலகைமேல் வையுங்கள். ஒரு மூலையில் துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து மெதுவாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். இறுகினால் திரும்பவும் ஐந்து நிமிடம் சூடு, பலம் வேண்டாம். சூடாக்கியும் பசை கல் போலவே இருந்தால் அது இளகாத வகை. அந்த லைட்டைத் திறக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள்.

ரிஃப்ளெக்டரின் உள்பூச்சில் விரல் படக் கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது. கீறல் விழுந்தால் போகாது. எச்4 பல்புக்கு முன்னால் குமிழ் மாதிரி ஒரு மறைப்பு இருந்தால் எடுத்துவிட்டு, ப்ரொஜெக்டரை முன்பக்கமிருந்து நுழைத்து, பின்னால் எச்4 வளையம், ரப்பர் வாஷர், நட் என்ற வரிசையில் மாட்டி, நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். லென்ஸை ஒட்டாமலே ஹெட்லைட்டை வண்டியில் பொருத்தி, சமதரையில் சுவருக்கு நேரே நிறுத்தி எரியவிடுங்கள். வெட்டுக்கோட்டின் சமப்பகுதி சாய்ந்திருந்தால் ப்ரொஜெக்டரைத் திருப்பி நேராக்கி, அப்புறம்தான் நட்டை முழுதாக இறுக்க வேண்டும். இந்த வேலையை அவசரப்பட்டுத் தாண்டினால் லென்ஸை மறுபடி அவனில் வைக்க வேண்டி வரும்.

ஒட்டும்போது பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய பியூட்டைல் கயிற்றைக் காடியில் இடைவெளி இல்லாமல் வைத்து, சூடாக்கி அழுத்துங்கள். புளித்த வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அதன் ஆவி உள்பூச்சை அரிக்கும். ஹவுசிங்கின் காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் உள்ளே நீர் கோத்துக்கொண்டே இருக்கும்.

ஒயரிங்கைத் தொடும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பேலஸ்ட்டிலிருந்து பல்புக்குப் போகும் ஒயரில், எரியத் தொடங்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும். ஸ்விட்ச் போட்ட நிலையில் அதைத் தொடவே கூடாது. பல்பு இல்லாமல் பேலஸ்ட்டைப் போட்டுப் பார்க்கவும் கூடாது. தொடக்கத்தில் ஒவ்வொரு பேலஸ்ட்டும் சில நொடி 6 முதல் 8 ஆம்ப்ஸ் வரை இழுக்கும், பிறகு மூன்று, மூன்றரைக்கு இறங்கும். அந்த முதல் இழுப்புக்குத்தான் தனி ஹார்னஸ். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்ப்ஸ் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் ரிலேயில் 30 என்று எண் போட்ட பின்னுக்கு. 87-லிருந்து பேலஸ்ட்களுக்கு. 85, 86 இரண்டும் பழைய எச்4 சாக்கெட்டில் வரும் லோ பீம் கரன்ட்டுக்கு. பேலஸ்ட்டின் எர்த், பெயின்ட் சுரண்டிய பாடியிலோ பேட்டரி நெகட்டிவிலோ.

இரண்டு இடத்தில் எலக்ட்ரீஷியன்களே தடுமாறுகிறார்கள். முதலாவது, சில ஜப்பானிய வகை ஒயரிங்கில் எச்4-க்குப் பாசிட்டிவ் எப்போதும் வந்துகொண்டிருக்கும், ஸ்விட்ச் எர்த்தைத்தான் கட் செய்யும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ரிலே காயிலின் ஒரு முனையைப் பாடியில் எர்த் செய்தால் லைட் அணையவே அணையாது. காயிலின் இரண்டு முனையையும் சாக்கெட்டிலிருந்தே எடுத்தால் எந்த வகைக்கும் சரியாக இருக்கும். இரண்டாவது, எச்4-இல் ஹை பீம் போட்டதும் லோ பீம் கரன்ட் நின்றுவிடும். செனானில் ஹை பீமிலும் அதே பல்புதான் எரிய வேண்டும். ஹை பீமிலும் ரிலேயைப் பிடித்துவைத்து, சோலினாய்டை மட்டும் தனியாக இயக்கும் பை-செனான் ஹார்னஸாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு டிம்-டிப்புக்கும் பல்பு அணைந்து மறுபடி பற்றும், சீக்கிரம் போய்விடும்.

பேலஸ்ட்டை இன்ஜின் சூடும் சக்கரத் தண்ணீரும் படாத இடத்தில், கனெக்டர் கீழ்நோக்கி இருக்கும்படி போல்ட் போட்டு இறுக்குங்கள். கேபிள் டையில் தொங்கவிடாதீர்கள். பல்பின் கண்ணாடியில் விரல் பட்டிருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக பீம் அளவு. டயர் காற்று சரியாக, டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, உள்ளே லெவலர் இருந்தால் அது 0-வில். ப்ரொஜெக்டர் நடுவின் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு 10 மீட்டர் பின்னால் போங்கள். வெட்டுக்கோட்டின் சமப்பகுதி அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். பின்சீட்டில் மூவரும் டிக்கியில் சாமானும் ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், லெவலரை இறக்கியே ஆக வேண்டும். ஐ.நா. விதிகள் 2000 லூமனுக்கு மேற்பட்ட லோ பீமுக்குத் தானியங்கி லெவலிங்கும் லென்ஸ் கழுவும் வசதியும் கேட்பது இதனால்தான். உங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. நீங்கள்தான் கையால் இறக்க வேண்டும், நீங்கள்தான் லென்ஸைத் துடைக்க வேண்டும்.

ஒரு பக்கம் எரியவில்லை என்றால் இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு பல்போடு போனால் பல்பு, அதே பக்கம் நின்றால் பேலஸ்ட் அல்லது ஒயர். துடித்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். எஃப்எம்மில் இரைச்சல் வந்தால் ஹை வோல்டேஜ் ஒயரை ஆன்டெனா ஒயரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். வெளிச்சம் ரோஸ் நிறமாகத் திரும்பினால் பல்பு முடியப்போகிறது. அப்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்றுங்கள், பழையதும் புதியதும் நிறத்தில் ஒத்துப்போகாது. கழற்றிய டி2எஸ் பல்புக்குள் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் அட்டைப்பெட்டியில் வைத்து மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.