எஃப்பிஐசி இல்லாத லைப்ரரி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். எடைக்கருவியை விற்றவர்கள் மூலநிரல் தராமல், ஏற்கெனவே கம்பைல் ஆன ஒரு ஸ்டேட்டிக் லைப்ரரியை மட்டும் தந்திருக்கிறார்கள். அதை உள்ளடக்கி லினக்ஸில் ஷேர்ட் லைப்ரரி (நிரல் ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) கட்ட முயன்றால், எஃப்பிஐசி (-fPIC) என்ற கம்பைலர் கொடியை, அதாவது விருப்பத்தேர்வைக் கொடுத்து மறுபடியும் கம்பைல் செய்யச் சொல்லி, கோப்புகளை இணைக்கும் லிங்கர் நின்றுவிடுகிறது. ‘ஹோல் ஆர்க்கைவ்’ என்ற லிங்கர் கொடியைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள்; பிழைகள் இன்னும் கூடின.

வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

லிங்கர் சொல்வது சரிதான். ஷேர்ட் லைப்ரரி நினைவகத்தில் எங்கே போய் அமரும் என்பது நிரல் ஓடும்போதுதான் முடிவாகிறது என்பதால், அதற்குள் போகும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பும் (கம்பைலர் உருவாக்கித் தரும் கோப்பு) எந்த முகவரியிலும் இயங்கும்படி கம்பைல் ஆகியிருக்க வேண்டும். எஃப்பிஐசி கொடி செய்வது அதைத்தான். பிழைச்செய்தியில் ‘ஆர்_எக்ஸ்86_64_32’ என்ற பெயர் வந்திருந்தால், முழு முகவரியையும் 32 பிட்டுக்குள் அடக்க எண்ணி எழுதப்பட்ட நிரல் அது என்று பொருள். லிங்கருக்கு எந்தக் கொடி கொடுத்தும் இதைத் திருத்த முடியாது.

ஹோல் ஆர்க்கைவ் வேறு நோய்க்கான மருந்து. ஸ்டேட்டிக் லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் கோப்புகளின் மூட்டை. லிங்கர் தேவைப்பட்டவற்றை மட்டும் அதிலிருந்து உருவும். மூட்டையை முழுதாகக் கொட்டச் சொன்னதால்தான் உங்களுக்குப் பிழைகள் பெருகின. என்றாவது அது தேவைப்பட்டால், உடனே பின்னால் ‘நோ ஹோல் ஆர்க்கைவ்’ போட்டு மூடிவிடுங்கள். இல்லையேல் ஜிசிசி கம்பைலர் கடைசியில் தானாகச் சேர்க்கும் லைப்ரரிகளும் முழுதாக உள்ளே வந்துவிடும்.

விற்றவர்களிடம் எஃப்பிஐசி பதிப்பைக் கேளுங்கள். அவர்களுக்கு அது ஒரு கொடியும் ஒரு மறுகட்டுமானமும்தான். தர மறுத்தால், அந்த லைப்ரரியைத் தனியொரு சிறு நிரலில் ‘நோ-பை’ (-no-pie; நிலையான முகவரியில் அமரும் நிரலைக் கட்டும்) கொடியுடன் இணைத்து, எடையை சாக்கெட் (இரு நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) மூலம் வாங்கிக்கொள்ளலாம். லாரி மேடையேறி நிற்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இதனால் வரும் தாமதம் கண்ணுக்கே தெரியாது. அவர்களுடைய நிரல் விழுந்தாலும் உங்களுடையது விழாது என்பதால், எனக்கு இந்த வழியே பிடிக்கும்.

எஃப்பிஐசி பதிப்பு கிடைத்து, கட்டியும் முடித்தபின் பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. புதுச்சேரியில் நான் பார்த்த ஒரு நிரலில் இரண்டு ஷேர்ட் லைப்ரரிகள், தரவைச் சுருக்கும் ஒரே லைப்ரரியின் இரு வேறு பதிப்புகளைத் தத்தம் வயிற்றில் வைத்திருந்தன. தனித்தனியே ஓடியவை, சேர்ந்தபோது விழுந்தன. இரண்டு நாள் தேடியபின், லைப்ரரியிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கட்டளையை ‘-டி’ (பெரிய எழுத்து D) கொடியுடன் ஓட்டிப் பார்த்தேன். ஒரே பெயர்கள் இரண்டிலும் வெளியே தெரிந்தன. முதலில் ஏறியதன் ஃபங்ஷனையே இரண்டாவதும் அழைத்துக்கொண்டிருந்தது. ஸ்டேட்டிக் லைப்ரரிகளின் பெயர்களை வெளியே காட்டாமல் மறைக்கும் ‘எக்ஸ்க்ளூட்-லிப்ஸ்’ கொடியை லிங்கருக்கு ‘ஆல்’ என்ற மதிப்புடன் கொடுத்ததும் அந்தப் பெயர்கள் மறைந்தன. நீங்களும் அதைக் கொடுத்துவிட்டு, அதே என்எம் பட்டியலில் லைப்ரரி வரையறுக்கும் பெயர்களாக உங்களுடையவை மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.