முத்திரைத்தாளில் எழுதினால் விவாகரத்து ஆகுமா?

கேள்வி: எனக்குத் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள புளியரை. கட்டிக்கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் ஆரியங்காவில். ஒன்றரை வருடமாக மகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். "முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கோர்ட்டுக்குப் போனால் கேரளாவில்தான் நடக்கும், நீதான் அலைய வேண்டும்" என்கிறார்கள் அவர் வீட்டார். இது சரியா? நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவர்கள் சொன்ன இரண்டுமே தவறு, சகோதரி. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டரி முத்திரை குத்தி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சி போட்டாலும், இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணம் அதனால் முறியாது. உங்கள் சமூகத்தில் வழிவழியாக அப்படித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் சட்டம் ஏற்கும். ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டால் வழக்கு உங்கள் மேல் பாயும். இந்த மாதிரித் தாள்களில் 'இனி ஜீவனாம்சமோ நகையோ கேட்க மாட்டேன்' என்றொரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். அந்த வரிக்காகத்தான் பெரும்பாலும் இத்தனை அவசரம்.

அடுத்து, கோர்ட். 1956 வரை உங்கள் செங்கோட்டைப் பக்கமும் மலைக்கு அந்தப் பக்கத்தோடுதான் இருந்தது. பெண் கொடுத்து எடுப்பது இன்னும் தொடர்கிறது. அதற்காக வாய்தாவுக்கு வாய்தா பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் மலையேற வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் 2003-ல் வந்த திருத்தப்படி, மனைவி தான் இப்போது குடியிருக்கும் ஊருக்கு உரிய கோர்ட்டிலேயே மனு போடலாம். உங்களுக்கு அது தென்காசி மாவட்டத்திலேயே. அவர் முந்திக்கொண்டு கேரளாவில் போட்டுவிட்டால்தான் சிக்கல். மாநிலம் விட்டு மாநிலம் வழக்கை மாற்ற உயர் நீதிமன்றத்தால் முடியாது. டெல்லியில் உச்ச நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். மனைவியின் சிரமத்தை அங்கே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்றாலும் காலமும் பணமும் போகும். முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே குடும்ப வழக்கு நடத்தி முடித்த பெண்களிடம் விசாரியுங்கள். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, மகளின் பிறப்புச் சான்றிதழ், நகை ரசீதுகளோடு போங்கள். அவற்றைப் புரட்டிப் பார்த்து, மகள் எங்கே படிக்கிறாள், கணவருக்கு வருமானம் என்ன என்று கேட்பவரை நம்பலாம். எதையும் கேட்காமல் 'ஆறே மாதத்தில் வாங்கித் தருகிறேன்' என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வக்கீல் ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பது விதிமீறல். வக்காலத்தில், அதாவது உங்களுக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், கையெழுத்துப் போடலாம். வெற்றுத்தாளில் கூடவே கூடாது. கணவர் வீட்டு வக்கீல் 'இரண்டு பேருக்கும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றால் மறுத்துவிடுங்கள்.

கையில் பணம் இல்லையா? 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். மனு போட்ட நாளிலிருந்தே அதைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது.

அவரும் பிரியத்தான் நினைக்கிறார் என்றால் இருவரும் சேர்ந்து சம்மத மனு போடலாம். ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கு நிறைவேறிவிட்டது. மனு போட்டபின், இரண்டாம் முறை நீதிபதி முன்னால் சம்மதம் சொல்ல ஆறு மாதக் காத்திருப்பு உண்டு; தகுந்த வழக்கில் அதையும் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. மகள் யாரிடம் இருப்பாள், அவளுக்கு மாதம் எவ்வளவு, உங்கள் நகை ஒவ்வொன்றும் எத்தனை பவுன் என்று அந்த மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். பணமும் நகையும் என்றைக்குக் கைக்கு வரும் என்ற தேதியும் அதில் இருக்கட்டும். நீங்கள் இரண்டாம் முறை நீதிபதி முன்னால் சம்மதம் சொல்லும் நாளுக்கு முந்தியதாக அந்தத் தேதி இருக்க வேண்டும்.