கொரியாவில் அமெரிக்க ராணுவ ஆட்சி: அந்தச் சொல் நம்முடையதன்று

கேள்வி: 1945 முதல் 1948 வரை அமெரிக்க ராணுவம் நிர்வகித்ததால்தானே தென்கொரியா இன்று செழித்திருக்கிறது? அதை ஏன் 'ஆக்கிரமிப்பு ஆட்சி' என்று எழுதுகிறீர்கள்?

பதில்: 38ஆவது அட்சக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள கொரியாவைத் தமது படைகள் ஆக்கிரமிக்கும் என்று 1945 செப்டம்பர் 7ஆம் தேதியிட்ட முதல் அறிவிக்கையில் எழுதியவர் பசிபிக் பகுதி அமெரிக்கப் படைகளின் தலைவர் தளபதி மெக்கார்தர். நாம் அவருடைய சொல்லைத்தான் பயன்படுத்தினோம். தென்கொரியாவின் தொழில் வளர்ச்சி 1960களில்தான் வேகம் பெற்றது. அதற்குள் மூன்றாண்டுப் போர் ஒன்று அந்நாட்டை அழித்துவிட்டிருந்தது. ஆகவே அந்தச் செழிப்பை ராணுவ ஆட்சியின் கணக்கில் வரவு வைப்பது சரியன்று.

கொரியா உலகப் போரில் தோற்ற நாடன்று. 35 ஆண்டுகள் ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்த நாடு. தென்பகுதியை நிர்வகிக்க வந்த அமெரிக்கத் தளபதி ஹாட்ஜின் படை செப்டம்பர் 8 அன்று இஞ்சோனில் இறங்கியபோது, ஊர்தோறும் மக்கள் குழுக்கள் நிர்வாகத்தைக் கையில் எடுத்திருந்தன. விடுதலைப் போராட்டத் தலைவர் யோ உன் ஹியோங் முதலியோரின் முயற்சியால் இரண்டு நாட்களுக்கு முன்பே சியோலில் மக்கள் குடியரசும் அறிவிக்கப்பட்டிருந்தது. ஹாட்ஜ் அதை ஏற்க மறுத்ததோடு, ஜப்பானியத் தலைமை ஆளுநரையும் அதிகாரிகளையும் தற்காலிகமாகப் பதவியில் தொடரச் செய்தார். மக்கள் கொதித்தெழுந்ததால் ஆளுநர் சில நாட்களில் நீக்கப்பட்டார். ஆனால் ஜப்பானியருக்காகத் தம் மக்களையே வதைத்த கொரியக் காவலர்களில் பெரும்பாலோர் அதே காவல் நிலையங்களில் நீடித்தார்கள். ஆங்கிலமே ஆட்சிமொழி என்றும் மெக்கார்தரின் அந்த அறிவிக்கை விதித்ததால், ஆங்கிலம் கற்றிருந்த வசதி படைத்தவர்களின் சொல்லே அதிகாரிகளின் காதில் ஏறியது. கொரியர்கள் இதை 'மொழிபெயர்ப்பாளர் ஆட்சி' என்றே அழைத்தார்கள்.

அரிசி விஷயத்தில் நடந்ததை மன்னிப்பது கடினம். 1945 அக்டோபரில் கட்டுப்பாடுகளை நீக்கி அரிசியைத் தடையற்ற சந்தைக்கு விட்டார்கள். பதுக்கல் பெருகி, விலை ஏறி, நகரங்களில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அடுத்த ஆண்டே நெல் கொள்முதலைக் கட்டாயமாக்கி, அதை வசூலிக்கக் காவலர்களை அனுப்பினார்கள். ஜப்பானியர் காலத்தில் களத்துக்கு வந்து நெல்லைப் பறித்துச் சென்ற அதே ஆட்கள், விடுதலை கிடைத்துவிட்டது என்று நம்பிய உழவனின் வாசலில் மறுபடியும் வந்து நின்றார்கள். 1946 அக்டோபரில் தேகு நகரில் வெடித்த கிளர்ச்சி மாகாணங்களுக்கும் பரவியதற்கு இது முக்கியமான காரணம். தேகுவில் ராணுவச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

38ஆவது கோட்டுக்கு வடக்கே ஆட்சிப் பொறுப்பை ஏற்ற சோவியத் படை நடந்துகொண்ட விதத்தையும் நாம் நியாயப்படுத்தவில்லை. அது மக்கள் குழுக்களை ஏற்றுத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. கொரியாவைச் சில ஆண்டுகள் வல்லரசுகளின் மேற்பார்வையில் வைக்கும் பொறுப்பாட்சித் திட்டத்தை எதிர்த்த தேசியத் தலைவர் சோ மான் சிக்கை 1946 ஜனவரியில் வீட்டுக்காவலில் வைத்தது.

தெற்கில் மட்டும் 1948 மே 10 அன்று தேர்தல் நடத்த முடிவானபோது, அது பிரிவினையை நிலைப்படுத்திவிடும் என்று அஞ்சியவர்கள் பலர். அந்தத் தேர்தலை எதிர்த்து ஜேஜு தீவில் ஏப்ரல் 3 அன்று தொடங்கிய எழுச்சியை ஒடுக்கும் வேலை ராணுவ ஆட்சியின் கீழேயே தொடங்கி, அதன்பின் அமைந்த தென்கொரியக் குடியரசின் கையில் பெரும் படுகொலையாக முற்றியது. 2003இல் அதிபர் ரோ மூ ஹியூன் அந்தத் தீவுக்கே சென்று, அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.