வெள்ளக் காலத்தில் படகு இறக்கலாமா? பழவேற்காடு கேள்வி பதில்

ஐப்பசி மழை தொடங்கியதும் தூண்டில்காரர்களின் கேள்விகள் குவிந்துவிட்டன. பழவேற்காட்டு ஏரியில் 20 வருடமாகப் படகு ஓட்டுகிற அனுபவத்தில், எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஆந்திராவில் இருக்கிற பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை கயாக் (சின்னத் துடுப்புப் படகு) கொண்டு வரலாமா அண்ணா?

தம்பி, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்காதீர்கள், எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று பாருங்கள். பிச்சாட்டூர் தண்ணீர் ஆரணி ஆற்றில் ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக வந்து ஏரியின் தென்கோடியில் விழுகிறது. நீங்கள் கயாக் இறக்குவதும் அங்கேதான். இழுப்பின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் போட்டு, கரையோரமாக அதனுடன் நடந்து போங்கள். எட்டி நடந்தால்தான் கூடவே போக முடிகிறது என்றால் கயாக்கை இறக்க வேண்டாம். துடுப்புப் போட்டு அந்த வேகத்தை எதிர்த்துத் திரும்பி வர முடியாது.

படகு இறக்கும் சிமென்ட் சரிவு மூழ்கிக் கிடக்கிறது. வண்டியைப் பின்னால் விடலாமா?

கூடாது. வெள்ளம் வடியும்போது சரிவின் மேல் சேறு வழவழவென்று படிந்திருக்கும். அதன் கடைசி விளிம்புக்குக் கீழே மண் அரித்துப் பள்ளமாகியிருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. போன வருடம் நான் மூங்கில் கழியால் குத்திப் பார்த்தபோது முழங்கால் ஆழம் இருந்தது. அடுத்த அடியில் கழி முழுவதும் உள்ளே போய்விட்டது. வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, நாலு பேர் கைத்தாங்கலாக இறக்குங்கள். படகின் முகப்பு நீரோட்டத்தை எதிர்த்து நிற்கட்டும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே எல்லோரும் நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் படகு உங்களைத் தள்ளி மேலேறிவிடும்.

நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டினால் தூண்டில் போட வசதியாக இருக்குமே?

வேண்டவே வேண்டாம். இழுப்பில் பின்பக்கம் அமுங்கும், தண்ணீர் உள்ளே பாயும். நங்கூரம் எப்போதும் முகப்பில்தான்.

படகைக் கரையில் கட்டிவிட்டு ஊருக்குப் போகிறேன். எப்படிக் கட்டுவது?

2015 டிசம்பர் மழையில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனேன். தண்ணீர் ஏறியது, கயிறு முகப்பைக் கீழே பிடித்துக்கொண்டது, படகு மூழ்கிவிட்டது. கயிற்றைத் தாராளமாக விட்டு, இரண்டு இடத்தில் கட்டுங்கள். மழைத் தண்ணீரையும் இறையுங்கள். 7 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள திறந்த படகில் 10 செ.மீ. மழை தேங்கினால் ஏறக்குறைய ஒரு டன் எடை.

சனிக்கிழமை வரலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆந்திராக்காரர்கள் தண்ணீர் திறப்பதால்தானே குப்பங்களில் வெள்ளம் வருகிறது?

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பழவேற்காட்டு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, அதில் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. அவ்வளவு அகலத்தில் ஆற்றுத் தண்ணீர் பரவிவிடும். ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான், அதனால் கடலுக்குப் போக வழி வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளி, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் குவிக்கிறது. வாய் அடைந்து கிடந்தால் சின்ன வெள்ளத்துக்கே ஊர் மூழ்கும்.

தடாவிலிருந்து எழுதுகிறேன். காளங்கி ஆறு பெருகினால் எங்கள் வயல் மூழ்குகிறது. அதற்கும் மணல்தான் காரணமா ஐயா?

ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆற்றங்கரை வயலுக்கு ஆறுதான் காரணம். நான் சொன்னது ஏரிக்கரைக் குப்பங்களைப் பற்றி. ஆனால் ஏரி நிறைந்து நின்றால் காளங்கித் தண்ணீரும் வடிய இடமில்லாமல் தேங்கும். அதனால் முகத்துவாரம் திறந்திருப்பது உங்கள் வயலுக்கும் நல்லது.

ஆற்றுத் தண்ணீர் வந்ததும் கொடுவா மீன் முகத்துவாரத்துக்கு வருமாமே? அங்கே போய் லூர் (செயற்கை இரை) போடலாமா?

வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் படகில் போகாதீர்கள். கடல் வற்றும் நேரத்தில் ஏரித் தண்ணீர் அந்த வாய் வழியாக வெளியே பாயும். உள்ளே வரும் அலை அதில் மோதி, செங்குத்தாக எழும்பி, மணல் திட்டின் மேல் உடையும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இன்னும் மோசம். 2011 டிசம்பர் 25-ல் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது இதே பழவேற்காட்டில்தான். அவர்கள் உயிர்காப்புச் சட்டை போட்டிருக்கவில்லை. கரையில் நின்று போடுங்கள், அப்போதும் மணல் விளிம்பில் நிற்காதீர்கள், அது காலடியில் சரியும்.

ஞாயிறு காலை எத்தனை மணிக்கு...

மட்டையைப் போட்டுப் பார்க்காமல் எந்த மணிக்கும் வேண்டாம்.

எண்ணூர் கழிமுகத்தில் எப்படி?

அங்குள்ள படகுக்காரர்களைக் கேளுங்கள்.

ஏரிக்குள் என்ஜின் போட்டுப் போகலாமா?

போகலாம். ஆனால் வெள்ளத்தோடு ஆகாயத்தாமரை, கிழிந்த வலை, மரக்கிளை எல்லாம் மிதந்து வரும். வலை விசிறியில் சுற்றி என்ஜின் நின்றால் படகு ஓட்டத்தோடு முகத்துவாரத்துக்குத்தான் போகும். அதனால் என்ஜினை முடுக்கும் முன்பே நங்கூரத்தை முகப்பில் கட்டித் தயாராக வையுங்கள். ஒரு கத்தியும் நீளமான கழியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.